பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் புதுசு போல வைத்திருக்க: வேலூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை ராணிப்பேட்டையில், தோல் ஃபினிஷிங் பிரிவில். வீடு காட்பாடி காந்தி நகரில். வாசலில் நிற்பது 2009 மாடல் சிவப்பு ஆடி டிடி, என் கைக்கு மூன்றாவது கையாக வந்தது. பெயர்தான் ஆடி, தள்ளுபடி எதுவும் கிடைக்கவில்லை.

கிரீன் சர்க்கிள் சிக்னலில் நின்றால் பக்கத்து பைக்காரர் கண்ணாடியைத் தட்டி "புது வண்டியா சார்?" என்பார். பதினைந்து வருஷம் தாண்டியது என்றால் நம்ப மாட்டார். நம்பிவிட்டால் கேள்விகள் ஆரம்பிக்கும். பெட்ரோல் பங்க்கிலும் கல்யாண மண்டப வாசலிலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி முடியவில்லை என்பதால் எழுதிவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டிருக்கிறேன். வாசலில் நிற்பது ஸ்விஃப்ட் என்றாலும் முக்கால்வாசி பொருந்தும்.

சார், வாரத்துக்கு எத்தனை தடவ கழுவுவீங்க?

ஒரு தடவை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு. வண்டியை வெளியே எடுக்காத வாரம் என்றால் அதுவும் கிடையாது. தினமும் மெனக்கெடுவேன் என்று நினைத்துக் கேட்டவர்கள் முகம் கொஞ்சம் வாடிவிடும்.

ஆறு மணி என்பதுதான் முக்கியம். நம்மூரை வெயிலூர் என்று கிண்டல் செய்வது சும்மா இல்லை. கத்திரி வெயில் நாட்களில் எட்டரைக்கெல்லாம் போனட் சுட ஆரம்பித்துவிடும். சூடான தகட்டில் ஷாம்பூ தண்ணீர் பட்டால் அலசுவதற்குள் காய்ந்து திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். புறங்கையை போனட்டில் வைத்துப் பாருங்கள். பத்து எண்ணும் வரை கையை எடுக்கத் தோன்றவில்லை என்றால் கழுவலாம்.

எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன் தெனம் காலைல ஈரத்துணி போட்டு துடைச்சிடறாரு. அது போதாதாண்ணா?

பழைய காரைப் பழைய காராகக் காட்டுவதே அந்தத் துணிதான். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போகலாம்.

காரின் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். பளபளப்பு முழுவதும் அதில்தான். அதன் கனம் பெரும்பாலான கார்களில் 40 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான், அதைவிட மெலிசு. இதன் மேல் ராத்திரி வந்து உட்காருவது குவாரிப் பக்கத்துக் கருங்கல் தூளும் ரோட்டு மண்ணும். ஈரத்துணி அந்தத் தூளை எடுப்பதில்லை, அழுத்தி இழுக்கிறது. நாலு காருக்கு ஒரே வாளி, ஒரே துணி என்றால் முதல் காரின் மண் நாலாவது காரில் போய் வேலை செய்யும். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. ஒரு வருஷம் கழித்து வெயிலில் நிறுத்திப் பாருங்கள், சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். சிவப்பிலும் கறுப்பிலும் இன்னும் மோசம்.

என் மச்சான் வீட்டு வாட்ச்மேனிடம் நானே பேசினேன். மாசக் காசு அப்படியே, ஆனால் கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதும் என்று. "வேலை செய்யாம காசா?" என்று அவர்தான் சங்கடப்பட்டார். தூசியோடு நிற்கும் கார் அசிங்கமாக இருக்கலாம், கெட்டுப்போவதில்லை.

அப்ப எப்படித்தான் கழுவறது? ரெண்டு வாளின்னு சொல்றீங்களே, எதுக்கு?

முதலில் கையே படாமல் தண்ணீரை மட்டும் மேலிருந்து கீழே விட்டு மண்ணை இறக்க வேண்டும். பிரஷர் பம்ப் இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஹோஸ் போதும். உதிரும் மண் உதிர்ந்த பிறகுதான் துணி. ஒரு வாளியில் ஷாம்பூ தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பூவில் முக்கி ஒரு பகுதியைத் தேய்த்ததும், திரும்ப ஷாம்பூவுக்குப் போவதற்கு முன் வெறும் தண்ணீரில் நன்றாக அலசிவிட வேண்டும். கடைசியில் அந்த இரண்டாவது வாளியின் அடியைப் பாருங்கள். கிடக்கிற மண் ஒரு வாளி முறையில் உங்கள் கதவில் தேய்ந்திருக்கும்.

வரிசை: மேற்கூரை, கண்ணாடிகள், போனட், டிக்கி, கதவின் மேல்பாதி, கடைசியாகக் கீழ்பாதி. சக்கரத்துக்குத் தனி வாளி, தனிப் பிரஷ். வண்டி வாங்கிய புதிதில் ஹைவே ஓரம் ஒரு வாட்டர் வாஷில் விட்டேன். டயரைத் தேய்த்த அதே ஸ்பான்ஜ் அப்படியே கதவுக்கு ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். அந்த வட்டக் கீறலை எடுக்க அப்புறம் இரண்டு நாள் ஆனது.

துடைப்பதற்குக் கனமான மைக்ரோஃபைபர் டவல். விரித்துப் போட்டு மெல்ல இழுங்கள் அல்லது ஒற்றி எடுங்கள். பனியன் வேஸ்ட் துணி பட்டறையில் ஆயில் துடைக்க நல்லது. தையல் முடிச்சும் பட்டனும் எங்கே ஒளிந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஷாம்பூ தனியா வாங்கணுமா? பாத்திரம் விளக்கற சோப்பு ஆகாதா?

பாத்திர சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்காகச் செய்தது. காரின் மேல் போட்டிருக்கும் வேக்ஸ் என்கிற மெழுகுப் பூச்சையும் சேர்த்தே எடுத்துவிடும். துணி துவைக்கும் பவுடர் அதைவிடக் காரம். கார் ஷாம்பூ காரமும் அமிலமும் இல்லாத நடுநிலை. கூடவே வழுக்கலையும் கொடுக்கும், மண் சறுக்கிக்கொண்டு போகும். ஒரு வாளிக்கு ஒரு மூடி போதும், ஒரு பாட்டில் பல மாசம் வரும். சீயக்காய்த் தூள் கேட்ட பெரியம்மாவுக்கு: அது தூள், எவ்வளவு அரைத்தாலும் தூள்தான்.

எங்க வீட்ல போர் தண்ணி ஒரே உப்பு. அதுல கழுவினா வெள்ளை வெள்ளையா நிக்குது. என்ன பண்றது?

பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு இதைக் கேட்காதவர்கள் கிடையாது. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பும் மெக்னீசியமும் தண்ணீர் ஆவியானதும் காரின் மேலேயே தங்கிவிடுகின்றன. எங்கள் தொழிலும் இந்த நிலத்தடி நீரைக் கெடுத்ததில் பங்கு உள்ளதுதான், அது வேறு கதை.

குடிக்கிற காவிரித் தண்ணீரைக் காருக்கு ஊற்ற எனக்கு மனசு வருவதில்லை. கழுவுவதற்குப் போர் தண்ணீரே போதும், ஆனால் எங்கேயும் காய விடாமல் நனைந்தபடியே வைத்திருக்க வேண்டும். கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். அது என்னிடம் சும்மா கிடைக்கிறது: ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து வடிவதால் அதில் உப்பு கிட்டத்தட்ட கிடையாது. குழாயை ஒரு கேனுக்குள் விட்டு வைத்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் தேவையானது சேர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மாடி மழைத்தண்ணீர்.

ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைப் பிடித்துக் கார் கழுவுகிறவர்கள் நிறைய பேர். சிக்கனம்தான். ஆனால் குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மெஷினுக்குள் போன தண்ணீரைவிட அடர்த்தி.

ஏற்கனவே பிடிச்ச உப்புப் புள்ளி போகுமா?

புதுசு என்றால் போகும். வெள்ளை வினிகரும் ஏசி தண்ணீரும் சரிபாதி கலந்து, நிழலில், மைக்ரோஃபைபரில் நனைத்து ஒரு நிமிஷம் ஒற்றி வைத்து, உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். அப்புறம் வேக்ஸ் திரும்பப் போட வேண்டும். விரல் நகத்தால் தடவும்போது குழி தட்டினால் உப்பு கிளியர் கோட்டைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். வினிகர் உதவாது, பாலீஷ்தான்.

வெயில்ல நிறுத்தறதா, மரத்தடியில நிறுத்தறதா?

இரண்டும் தப்பு என்பதுதான் உண்மையான பதில். வேலூரில் அதைச் சொல்லிவிட்டு நழுவ முடியாது.

வெயில் மெதுவாகக் கெடுக்கும். புற ஊதாக் கதிர் சிவப்பு நிறத்தை முதலில் வெளுக்க வைக்கும், டேஷ்போர்டை வெடிக்க வைக்கும், ஹெட்லைட்டை மஞ்சளாக்கும். மரம் வேகமாகக் கெடுக்கும். காக்கா எச்சம் அமிலத்தன்மை கொண்டது. மத்தியான வெயிலில் பெயின்ட் சூடேறி இளகியிருக்கும்போது அது விழுந்து காய்ந்தால், சாயங்காலத்துக்குள் தடம் பதிந்துவிடும். புளியமரத்தடி, வேப்பமரத்தடி என்றால் பிசினும் பூவும் கூட.

என் தேர்வு: கட்டடத்தின் கிழக்குப் பக்க நிழல். மத்தியானம் ஒரு மணிக்கு மேல் அதுதான் நிழல். அது கிடைக்காத நாளில் வெயில், முன் கண்ணாடிக்கு மறைப்பு வைத்து. மரத்தடி கடைசி. டிக்கியில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டிலும் இரண்டு சுத்தமான துணியும் இருக்கும். எச்சம் பார்த்த உடனே நனைத்த துணியை மேலே போட்டு ஐந்து நிமிஷம் ஊற விட்டு, அப்படியே தூக்கி எடுங்கள். தேய்க்காதீர்கள், பறவை தின்ற விதையும் மண்ணும் அதற்குள் இருக்கும்.

கவர் போட்டுட்டா வேலை முடிஞ்சிதே?

மூடிய ஷெட்டுக்குள், கழுவிக் காய்ந்த காரின் மேல் பருத்திக் கவர் என்றால் சரி. தெருவில் நிற்கும் தூசிக் காரின் மேல் நைலான் கவர் போட்டால், ஆடிக் காற்று ராத்திரி முழுக்க அதை ஆட்டி ஆட்டி உப்புத்தாள் வேலை பார்க்கும். வாட்ச்மேன் துணிக்குச் சொன்னதுதான் இதற்கும்.

செராமிக் போட்டா அஞ்சு வருஷத்துக்குக் கழுவவே வேணாம்னு சொல்றாங்களே சார்?

சொல்கிறவர் விற்கிறவர். செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கா கலந்த ஒரு மெல்லிய கெட்டிப் படலம். தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு ஒட்டுவது குறையும், கழுவுவது சுலபமாகும். அவ்வளவுதான். கல்லடியைத் தாங்காது, வாட்ச்மேன் துணியின் கீறலையும் முழுக்கத் தடுக்காது. 9எச் என்று போட்டிருப்பது பென்சில் கடினத்தன்மைக் கணக்கு, வைரத்தோடு சம்பந்தம் கிடையாது. உப்புத் தண்ணீர்ப் புள்ளி அதன் மேலும் பிடிக்கும். உருண்ட துளி அங்கேயே காய்வதால் சில நேரம் கூடுதலாகவே பிடிக்கும்.

வேக்ஸ் என்பது பிரேசில் நாட்டுக் கார்னௌபா பனை ஓலை மெழுகிலிருந்து வருவது. பழைய பெயின்டுக்கு ஒரு ஈரப் பளபளப்பு கொடுக்கும். நம் வெயிலில் ஆறு வாரம் நின்றால் பெரிசு. சீலன்ட் என்பது செயற்கை, நாலைந்து மாசம் நிற்கும். நான் சீலன்ட்காரன். வருஷத்துக்கு மூன்று முறை போடுகிறேன். ஆயுத பூஜைக்கு முன் மட்டும் மேலே ஒரு கை வேக்ஸ், ஆசைக்கு. கல்லடிக்கு உண்மையிலேயே ஈடுகொடுப்பது பிபிஎஃப் என்கிற ஒட்டுப் படம் ஒன்றுதான். விலை கேட்டுவிட்டு முன் பம்பருக்கும் போனட்டின் நுனிக்கும் மட்டும் ஒட்டிக்கொண்டேன்.

வருஷா வருஷம் மெஷின் பாலீஷ் போட்டா எப்பவும் புதுசாவே இருக்கும்ல?

கொஞ்ச வருஷம் இருக்கும். அப்புறம் தேய்க்க எதுவும் இருக்காது. பாலீஷ் கீறலை நிரப்புவதில்லை, கீறலைச் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டை அதன் ஆழத்துக்குச் சீவிவிடுகிறது. கரகரப்பான காம்பவுண்ட் பாலீஷ் போட்டு ஒரு முறை தேய்த்தால் சில மைக்ரான் போகும். மேலே சொன்ன 40 மைக்ரானை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள். அது மொத்தமும் செலவு செய்ய இருப்பதல்ல, பாதி போவதற்குள்ளேயே வெயில் உள்ளே இறங்கிப் பெயின்ட் வெளுத்து உரியத் தொடங்கும்.

பழைய காரில் முந்தைய ஓனர் எத்தனை முறை தேய்த்தார் என்பது நமக்குத் தெரியாது. அதனால் பெயின்ட் கனம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்த பிறகே மெஷின் எடுக்க வேண்டும். என் காரில் ஒரு கூத்து: இந்தத் தலைமுறை டிடியில் முன்பக்கம் பெரும்பாலும் அலுமினியம், கதவும் டிக்கி மூடியும் எஃகு. காந்தத்தில் வேலை செய்யும் மலிவுக் கருவி கதவில் அளவு காட்டும், போனட்டில் முழிக்கும். நான் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, அதுவும் மென்மையான பாலீஷ், ஆட்டமும் சுழற்சியும் சேர்ந்த டிஏ மெஷினில். வேகமாகச் சுற்றும் ரோட்டரியைக் கையில் பழக்கம் இல்லாமல் தொட்டால் விளிம்பில் பெயின்ட் எரிந்துவிடும்.

பாலீஷுக்கு முன் கிளே பார் என்கிற களிமண் கட்டியால் தடவி ஒட்டியிருக்கும் தூளை எடுப்பது, பிரேக் இரும்புத் தூளுக்கு அயர்ன் ரிமூவர் திரவம் அடிப்பது இரண்டும் உண்டு. தெளித்ததும் ஊதா நிறத்தில் வழியும், பயப்பட வேண்டாம், இரும்பு கரைகிறது.

தோல் சீட்டுக்கு தேங்கா எண்ணெய் தடவினா மினுமினுன்னு ஆயிடுமாமே?

என் சோறு இந்தத் தொழிலில்தான் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நீங்கள் நினைக்கிற தோல் செருப்புத் தோல். கார் சீட்டுத் தோல் அப்படி இல்லை. பதப்படுத்திய தோலின் மேல் நிறமி அடித்து, அதற்கு மேல் பாலியூரித்தேன் பூச்சு ஒன்று கொடுத்துத்தான் அனுப்புகிறோம். கை தொடுவது தோலை அல்ல, அந்தப் பூச்சை. எண்ணெய் அதைத் தாண்டி உள்ளே போகாது. மேலேயே நின்று தூசியைக் குழைத்துச் சேறாக்கும், தையல் துளை வழியாக இறங்கி நூலையும் ஃபோமையும் கெடுக்கும், உங்கள் வெள்ளை வேட்டியிலும் ஒட்டும். சந்தேகம் என்றால் மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டு நின்றால் பூச்சு இருக்கிறது. உறிஞ்சிக் கறுத்தால் அது பூச்சில்லாத அபூர்வத் தோல், அதற்கு வைத்தியம் வேறு.

மினுமினுப்பு என்பதே தப்பான ஆசை. புதுத் தோல் மங்கலாக இருக்கும். மினுக்கும் சீட் என்றால் வியர்வையும் தலை எண்ணெயும் படிந்திருக்கிறது. மென்மையான பிரஷ், தோலுக்கென்று விற்கும் கிளீனர் நுரை, ஈரத்துணி, அவ்வளவே. குளிக்கிற சோப்பு வேண்டாம். சோப்பு காரம், தோல் இயல்பிலேயே லேசான அமிலம். இரண்டும் சேராது. மாசம் ஒரு முறை செய்தால் டிரைவர் பக்கம் ஏறி இறங்கும்போது உரசும் விளிம்பு வெடிப்பது தள்ளிப்போகும். புது நீல ஜீன்ஸ் போட்டு உட்கார்ந்தால் சாயம் ஏறும், அதை அன்றைக்கே துடையுங்கள். ஏற்கனவே வெடித்த இடத்தை எந்தக் கிரீமும் ஒட்டாது. நிரப்பி, நிறம் அடித்து, மேல் பூச்சு கொடுக்க வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் அதைச் செய்யத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை.

ஹெட்லைட் மஞ்சளாயிடுச்சி. டூத் பேஸ்ட் போட்டா போகுமா?

போகும், இரண்டு மாசத்தில் திரும்ப வரும். ஹெட்லைட் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேல் வெயிலைத் தடுக்கும் பூச்சு ஒன்று கம்பெனியில் அடித்திருப்பார்கள், மஞ்சளாவது அது செத்துப்போனதால். பேஸ்ட் மேலே சீவுகிறது, புதுப் பூச்சு கொடுப்பதில்லை. 1000, 2000, 3000 என்று நீர் உப்புத்தாளில் படிப்படியாகத் தேய்த்து, பாலீஷ் போட்டு, யூவி தாங்கும் கிளியர் அடித்தால் வருஷக்கணக்கில் நிற்கும்.

ஆயுத பூஜைக்கு சந்தனம் குங்குமம் வெக்காம இருக்க முடியுமா? அம்மா ஒத்துக்க மாட்டாங்க.

என் அம்மாவும்தான். பொட்டை முன் கண்ணாடியில் வையுங்கள், கண்ணாடி எதையும் தாங்கும். சிவப்புக் காரிலேயே குங்குமக் கறை தெரிகிறது என்றால் வெள்ளைக் கார்க்காரர் கதையை யோசியுங்கள். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினால் கீறலும் சேரும். நனைத்து ஊற விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பெரிய ஆபத்து வாழைக்கன்று. லாரிக்குக் கட்டுகிற மாதிரி பம்பரில் கட்டிவிடுவார்கள். வாழைச்சாறு வேட்டியில் பட்டாலே போகாது என்பது உங்களுக்குத் தெரியும். கன்றைப் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள். பூசணிக்காயைக் காருக்கு நாலடி தள்ளி உடையுங்கள். எலுமிச்சம்பழம் டயருக்கு அடியில் போவது பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை.

டயருக்கு கறுப்பு பாலீஷ் அடிச்சா வண்டியே புதுசா தெரியுதே?

தெரியும். பக்கவாட்டில் மட்டும் மெலிசாக, தண்ணீர் அடிப்படையிலான பாலீஷ் என்றால் நானும் அடிப்பேன். தரையைத் தொடும் பகுதியில் பட்டால் வழுக்கும். அதைவிட முக்கியமாக, கறுப்பு பாலீஷ் டயரின் வயசை மறைக்கும். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்: 2318 என்றால் 2018-ஆம் வருஷத்து 23-ஆவது வாரம். கொஞ்சமாக ஓடும் ஸ்போர்ட்ஸ் காரில் டயர் தேய்வதற்கு முன் கிழடாகிவிடும். ஆறு வருஷம் தாண்டினால் தேய்மானம் பார்க்காமல் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

எஞ்சினுக்கும் தண்ணி அடிக்கலாமா?

பிரஷர் தண்ணீர் வேண்டாம். ஆறிய எஞ்சினில் பிரஷ், ஈரத்துணி, கொஞ்சம் பொறுமை.

வேலூர்ல கடலே இல்லியே, துரு பிடிக்குமா?

கடற்காற்று இல்லாதது நம் அதிர்ஷ்டம். இங்கே துருவைக் கொண்டுவருவது வேப்பிலைச் சருகு. வைப்பருக்குக் கீழே உள்ள இடுக்கிலும் டிக்கி ஓரத்திலும் தண்ணீர் வடிகிற துளைகள் உண்டு. சருகு மக்கி அவற்றை அடைத்தால் ஐப்பசி மழைத் தண்ணீர் உள்ளேயே தேங்கும். மழைக்கு முன் ஒரு நாள் எல்லாத் துளையையும் தேடிப்பிடித்துச் சுத்தம் செய்யுங்கள். கதவின் அடியிலும் இருக்கும். என் காரில் எஃகு எங்கே என்று மேலே சொன்னேன், அந்தக் கதவுகளைத்தான் அதிகம் கவனிக்கிறேன்.

முழுசா ஒரு தடவ ரீபெயின்ட் அடிச்சிட்டா இவ்ளோ தொல்லை இல்லியே?

தொழிற்சாலையில் பெயின்டைச் சுமார் 140 டிகிரியில் சுட்டெடுப்பார்கள். அப்போது வண்டியில் ஒயரும் ரப்பரும் கிடையாது. முழு வண்டியை வெளியே அப்படிச் சுட முடியாது, நல்ல பெயின்ட் பூத்திலும் 60 டிகிரி அளவுதான். அதனால் ஒரிஜினல் பெயின்ட் கொஞ்சம் மங்கியிருந்தாலும் அதைக் காப்பாற்றத்தான் பார்ப்பேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வருகிறவர் முதலில் தட்டிப் பார்ப்பது பட்டி போட்டிருக்கிறதா என்றுதான். நிறத்தை மாற்ற ஆசை என்றால் ஆர்சியிலும் மாற்ற வேண்டும். 15 வருஷம் முடிந்து 2024-ல் ஆர்சி புதுப்பிக்கப் போனபோது வண்டியை ஆர்டிஓவில் காட்ட வேண்டியிருந்தது. நிறமும் ஆர்சியும் ஒத்துப்போனதில் ஒரு கேள்வி குறைந்தது.

ஏலகிரிக்குப் போயிட்டு வந்தா போனட் முழுக்க கல்லடிப் புள்ளி. அதையாவது விடலாமா?

14 கொண்டை ஊசி வளைவையும் ஓட்டத்தானே இந்த வண்டியை வைத்திருக்கிறோம். கல்லடியைக் கொடுப்பது வளைவு இல்லை, போகும் வழியில் ஹைவேயில் முன்னால் போகும் ஜல்லி லாரி. ஒட்டிப் போகாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஈசல், பூச்சிக் கறையை ஊற வைத்து எடுத்துவிடுங்கள், காக்கா எச்சத்துக்குச் சொன்ன அதே முறை.

புள்ளி நிறத்தோடு நின்றிருந்தால் அவசரம் இல்லை. உலோகம் தெரிந்தால் அந்த வாரமே டச்-அப் பெயின்ட் வேண்டும். பெயின்ட் கோட் எண் உங்கள் காரின் ஸ்டிக்கரில் இருக்கும். மூடியோடு வரும் பிரஷ் ரொம்பத் தடிமன், பல்குத்தும் குச்சி நுனியில் ஒரு துளி எடுத்துக் குழிக்குள் மட்டும் விடுங்கள். மேலே தேய்க்காமல் ஒரு நாள் காய விட்டு, குழி இன்னும் இருந்தால் இன்னொரு துளி. என் போனட்டில் அப்படி பதினோரு புள்ளி இருக்கிறது. கிரீன் சர்க்கிள் பைக்காரர் யாரும் இதுவரை எண்ணவில்லை.